வாலியின் கை

"வண்டிய ஓரங்கட்டுடா."

பின் சீட்டிலிருந்து அப்பாவின் குரல். திருச்சியில் டாக்டரைப் பார்த்துவிட்டு வாலிகண்டபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சிறுவாச்சூர் தாண்டியிருந்தது, பெரம்பலூர் வரவில்லை. நல்ல மதிய வெயில்.

"ஏம்ப்பா, இறங்கணுமா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உன் வண்டிக்குத்தான் என்னமோ ஆச்சு. பின்னாடி இடது பக்கம் டொக்கு டொக்குங்குது."

"அது அப்படித்தாம்ப்பா சத்தம் போடும். ரேஸ் சாமான்."

"ரேஸ் சாமான் மூணு மாசமா கடகடன்னுச்சு. நானும் கேட்டுக்கிட்டுதான் வர்றேன். இன்னிக்கு டொக்குங்குது. ரெண்டும் ஒண்ணா?"

முப்பத்தோரு வருஷம் அரசுப் பேருந்து ஓட்டியவர். காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்கூட "என்ன?" என்பார். ஆனால் இரும்பு பேசினால் மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டுவிடும். நிறுத்தினேன். இறங்கி, வேட்டியை மடித்துக்கட்டி, குனிந்து பார்த்தார்.

"சக்கரம் சாஞ்சிருக்கு பாரு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பெரம்பலூர் பட்டறை வரைக்கும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில், டூரிஸ்ட் பஸ்கள் திட்டிக்கொண்டே முந்த, ஊர்ந்து போனேன். அப்படிப் போனதால்தான் இன்று உங்களிடம் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கார் வைத்திருப்பவரோ, வைத்துக்கொள்ள ஆசைப்படுபவரோ, பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கியதில் வயிறு எரிபவரோ, நீங்கள் யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் பொறுங்கள். இது காரின் கை பற்றிய கதை. சஸ்பென்ஷன் ஆர்ம் என்பார்கள். பட்டறையில் சுருக்கமாக 'ஆர்ம்'. சக்கரத்தையும் காரின் உடம்பையும் இணைக்கும் இரும்புக் கை. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது, அது எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று பிடித்துவைத்துக்கொள்வது இந்தக் கைதான். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது, ஷாக் அப்சார்பர் துள்ளலை அடக்குகிறது. கை, சக்கரத்தின் நிலையைத் தீர்மானிக்கிறது. கையின் நீளம் அஞ்சு மில்லிமீட்டர் மாறினால் சக்கரத்தின் நிற்கும் கோணமே மாறிவிடும்.

எங்கள் ஊருக்கும் கைக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. வாலி வந்து சிவனை வழிபட்ட தலம், அதனால் வாலிகண்டபுரம் என்பது ஐதீகம். கோயிலில் இருப்பவர் வாலீஸ்வரர். ராவணனையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடல் கடலாகத் தாவியவன் வாலி. எதிரே நின்று சண்டை போடுகிறவனின் பலத்தில் பாதி அவனுக்கு வந்துவிடும் என்றும் சொல்வார்கள். இந்தப் பாதி பல விவகாரத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

என் கார் ஒரு பழைய ஹோண்டா சிவிக். 2010 மாடல். 2006-ல் இந்தியாவுக்கு வந்து 2013-ல் விற்பனை நின்றுபோன அந்தத் தலைமுறை. (2019-ல் புதுசாகத் திரும்பி வந்து அடுத்த வருஷமே போய்விட்டது, அது வேறு கதை.) செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். அந்த விலைக்கு வந்த மற்ற செடான்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒற்றைக் கட்டை மாதிரி ஒரு அச்சு. இதற்கு மட்டும் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, நீளவாக்கில் ஒன்று, குறுக்கே மேலும் கீழுமாகச் சில என்று கைகள். வளைவில் திருப்பினால் பின்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்கும். அதில்தான் விழுந்தேன்.

வருஷத்துக்கு மூன்று நான்கு முறை இருங்காட்டுக்கோட்டைக்குப் போவேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம். அதற்கு முன் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை வந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ட்ராக் டே என்று அறிவிக்கும் நாட்களில் பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, உங்கள் சொந்தக் காரையே ஓட்டலாம். போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நாற்பது வயதில் அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை. வீட்டில் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அந்தச் சந்தோஷத்தில் செய்த காரியம், காரின் உயரத்தை 35 மில்லிமீட்டர் இறக்கியது. நம்மூர் வேகத்தடைகள் திண்ணை உயரம். சிவிக்கோ இறக்காமலேயே அடிவயிற்றை உரசும் கார். அதை இன்னும் இறக்கினேன் என்றால் என் அறிவு எப்படிப்பட்டது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காரை இறக்கினால், கைகள் மேல்நோக்கி மடங்குகின்றன. மேல் கை குட்டையானது, கீழ்க்கை நீளமானது. குட்டைக் கை வேகமாக உள்ளே இழுக்கிறது. சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்கிறது. இதற்குப் பெயர் நெகட்டிவ் கேம்பர். கொஞ்சம் இருந்தால் நல்லது, வளைவில் கார் சாயும்போது டயர் முழுசாகத் தரையில் படியும். அதிகமானால், நேர்ச் சாலையில் டயரின் உள்விளிம்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். என் காரில் இடது பின் சக்கரம் 2.4 டிகிரி, வலது 1.9.

பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரில் டயரைக் கழற்றினால் வெளிப்பக்கம் புது மாப்பிள்ளை, உள்பக்கம் கம்பி தெரிகிறது. பெரம்பலூர் - திருச்சி சாலையில் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு லேசாகக் குற்ற உணர்ச்சி வரும்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. டயரைத் தின்பது கேம்பர் மட்டும் இல்லை, அதைவிடப் பெரிய தீனிப்பண்டாரம் டோ. மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களும் நேராகப் பார்க்கின்றனவா, ஒன்றையொன்று பார்க்கின்றனவா, முறைத்துக்கொண்டு வெளியே பார்க்கின்றனவா என்கிற கணக்கு. கேம்பர் சாய்ந்து நிற்பது. டோ செருப்பை இழுத்து இழுத்து நடப்பது. எந்தச் செருப்பு முதலில் தேயும்? அதோடு, கேம்பரைச் சரிசெய்யக் கையைத் தொட்டால் டோவும் நகர்ந்துவிடும். அதனால் ஒன்றைத் தொட்டால் வீல் அலைன்மென்ட் மேடையில் ஏறாமல் இறங்கக் கூடாது. பின் சக்கரங்கள் வெளியே பார்த்தபடி நெடுஞ்சாலையில் நூறில் போனால் டயர் மட்டுமா போகும்?

சிவிக்கில் பின் டோவைத் திருத்தக் கம்பெனியே வழி வைத்திருக்கிறது. கேம்பருக்கு வைக்கவில்லை. உயரத்தைக் குறைக்காத காருக்கு அது தேவையில்லை என்ற நியாயம்தான். ஆனாலும் அமெரிக்காவில் 2006, 2007 சிவிக்குகளில் பின் டயர் உள்பக்கம் தேய்கிறது என்று புகார்கள் வந்து, 2008-ல் அந்த நிறுவனமே பின் மேல் கைகளை மாற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்தது. ஒரு கையின் நீளம் அவ்வளவு முக்கியம். என் காரில் குற்றம் கம்பெனியுடையது இல்லை, ஸ்பேனர் பிடித்த என்னுடையது.

ஆக, நீளத்தை மாற்றக்கூடிய மேல் கை வேண்டும். அட்ஜஸ்டபிள் ஆர்ம்.

கணக்கு எளிது. மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் முப்பது சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் கையை 5 மி.மீ. நீட்டினால் சக்கரத்தின் தலை ஏறக்குறைய ஒரு டிகிரி வெளியே வரும். இடது பக்கம் 2.4-ஐ 1.5 ஆக்க ஐந்து மி.மீ.கூட வேண்டாம். கையின் ஒரு முனையில் வலமரை, இன்னொரு முனையில் இடமரை. நடுக்குழாயைச் சுற்றினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நீளும். மரையின் இடைவெளி 1.5 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. காரில் மாட்டியபடியே சுற்றலாம். ஒரு முனையில் மட்டும் மரை இருந்தால் ஒவ்வொரு தடவையும் கழற்றி, அரைச் சுற்று, மாட்டி, பார்த்து, மறுபடி கழற்றி... பொழுது போய்விடும்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன வாங்கினேன் தெரியுமா? படத்தில் அழகாக இருந்ததை. நீலச் சாயம் ஏறிய அலுமினியக் குழாய், இரண்டு முனையிலும் பளபளவென்று உருண்டை மூட்டு. விலையும் மலிவு. யாரிடம் வாங்கினேன் என்பதை விட்டுவிடுங்கள்.

இந்த உருண்டை மூட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு கிண்ணத்துக்குள் ஒரு குண்டு, எந்தப் பக்கமும் திரும்பும், ஆனால் மயிரிழைகூட அசையாது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டன் சுட்டு வீழ்த்திய ஒரு ஜெர்மன் விமானத்தின் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் இதைக் கண்டு எடுத்தார்கள் என்று சொல்வார்கள். இங்கிலாந்தில் ரோஸ் என்ற கம்பெனி தயாரித்ததால் அங்கே ரோஸ் ஜாயின்ட், அமெரிக்காவில் ஹைம் ஜாயின்ட். ரேஸ் கார்களுக்கு இது வரம். ஓட்டுபவர் நினைத்த இடத்தில் சக்கரம் நிற்கும்.

இருங்காட்டுக்கோட்டையில் முதல் நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்பக்கம் ஆணியடித்த மாதிரி நின்றது. திரும்பி வாலிகண்டபுரம் வரும்போதுதான் பாதி பலக் கதை ஆரம்பித்தது. சாலையில் இருக்கும் அதிர்வு அத்தனையும் மூட்டு வழியாக உள்ளே வந்தது. சாலையோடு மோதினால் சாலையின் பாதி பலம் எனக்கு! திருமாந்துறை டோல்கேட்டின் வேகத்தடைக் கோடுகளில் பல் கிட்டியது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "எங்க பஸ்ஸுல கையும் கிடையாது காலும் கிடையாது. ஸ்பிரிங் பிளேட்டுதான் எல்லாம். அதுவே இதுக்குத் தேவல" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம். எங்கள் பக்கம் கல் குவாரிகள் உண்டு. ஜல்லி லாரிகள் ஓயாமல் போகும். சாலையோரம் எப்போதும் பொடி. அதன்மேல் ஐப்பசி மழை. பந்தயக் காரில் இந்த மூட்டை ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் துடைத்துப் பார்ப்பார்கள், ஆட்டம் கண்டால் தூக்கிப் போடுவார்கள். நான் மாட்டியதோடு மறந்துபோனேன். இப்போது நாம் பெரம்பலூர் பட்டறையில் நிற்கிறோம்.

பாய் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் தலையையும் அடியையும் பிடித்து ஆட்டினார். டொக்.

"பெரியவரு சரியாத்தான் சொல்லிருக்காரு."

கையைக் கழற்றிக் கீழே வைத்தார். உருண்டை மூட்டு கிண்ணத்துக்குள் லொடலொடவென்று ஆடியது. உள்ளே இருந்த வழவழப்புப் பூச்சு தேய்ந்து பொடியும் சேறுமாக இருந்தது. அது போகட்டும். அவர் லாக் நட்டை விரலால் சுற்றினார். விரலால்! ஸ்பேனர் இல்லாமல் சுற்றியது. பிறகு மூட்டின் தடியைக் குழாயிலிருந்து கழற்ற ஆரம்பித்தார், நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினார். ஆறாவது சுற்றில் கையோடு வந்துவிட்டது.

ஆறு மரை. ஒன்பது மில்லிமீட்டர். தடியின் தடிமன் பதினாறு.

பட்டறைக் கணக்கு இதுதான்: தடி எவ்வளவு தடிமனோ, குறைந்தது அவ்வளவு நீளமாவது மரை உள்ளே இருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். எனக்குப் பாதிக்கு மேல் கொஞ்சம். அதுவும் அலுமினியத்தில். முதல் மூன்று மரைகள் ஏற்கெனவே மழுங்கியிருந்தன.

ஏன் இப்படி? அந்தக் கையின் மிகக் குறைந்த நீளமும் மிக அதிக நீளமும் என்ன என்று வாங்கும்போது நான் கேட்கவே இல்லை. அது ஒரு குட்டைக் கை. என் காருக்கு வேண்டிய நீளம் அதனுடைய கடைசி எல்லையில் போய் விழுந்தது. நல்ல கையில் உங்களுக்கு வேண்டிய நீளம் நடுவில் எங்காவது வர வேண்டும். குழாயின் ஓரத்தில் ஒரு சின்னத் துளையும் இருக்கும். அதில் ஊசியை விட்டுப் பாருங்கள். தடியில் முட்டி நின்றால் மரை போதுமான அளவு உள்ளே இருக்கிறது. ஊசி உள்ளே போய்விட்டால், கார் எடுக்காதீர்கள். என்னுடையதில் துளையே கிடையாது.

மேல் கை கழன்றால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அப்பாதான் கேட்டார். பாய் உள்ளங்கையைச் சக்கரம் மாதிரி நிமிர்த்திப் பிடித்து, அப்படியே மல்லாக்கச் சாய்த்தார். அவ்வளவுதான். அந்தப் பின் சீட்டில், அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டறை வாசலில் இருந்த டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொன்னேன். குடிக்க முடியவில்லை.

திரும்பி வந்ததும் பாய் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தபடி கேட்டார்.

"தம்பி, வருஷத்துக்கு எத்தனை நாள் அந்த ரேஸ் ரோட்டுல ஓட்டுவீங்க?"

"மூணு... நாலு நாள் பாய்."

"மிச்ச நாளு?"

"நம்ம ரோடுதான்."

"அப்பறம் ஏன் நாலு நாளுக்குக் கை வாங்கினீங்க?"

அவர் ஒன்றும் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம்தான் பதில் இல்லை.

அந்த ராத்திரி உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து யோசித்தேன். அட்ஜஸ்டபிள் என்ற வார்த்தையிலேயே ஒரு ஏமாற்று இருக்கிறது. வார நாளில் வீட்டுக்கு ஒரு கோணம், ஞாயிற்றுக்கிழமை தடத்துக்கு ஒரு கோணம் என்று மாற்றி மாற்றி ஓட்டலாம் என்று ஆசை காட்டுகிறது. கைவசம் சொந்த அலைன்மென்ட் மேடை இருந்தால் செய்யலாம். இல்லாதவன் ஒரு முறை சரியாக வைத்து, இறுக்கி, அப்படியே விட்டுவிடுவான். நானும் அந்த நீலக் கையை மாட்டிய நாளோடு சரி, ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. அப்படியானால் எனக்கு வேண்டியது அடிக்கடி மாறும் கை இல்லை. ஒரே ஒரு தடவை மாறி, பிறகு அசையாமல் கிடக்கும் கை.

அடுத்தது மூட்டு. கம்பெனிக் கையில் இருப்பது ரப்பர் புஷ். இரும்பு வளையத்துக்கும் நடு உருளைக்கும் இடையில் ரப்பரை ஒட்டியிருப்பார்கள். கை ஆடும்போது ரப்பரே முறுகிக் கொடுக்கும். எண்ணெய் வேண்டாம், மழை பற்றிக் கவலையில்லை, சத்தத்தைத் தின்றுவிடும். ரேஸ் மோகத்தில் இருப்பவர்களுக்கு ரப்பர் என்றால் ஒரு இளக்காரம். அந்த நெகிழ்வை யோசித்துத்தான் வைத்தார்கள் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

இரண்டுக்கும் நடுவே பாலியூரித்தேன் என்று ஒன்று. கலர் கலராக வரும். ரப்பரைவிட விறைப்பு. கை ஒரே அச்சில் மட்டும் ஆடும் இடத்தில் அருமையாக வேலை செய்யும். பல பக்கம் முறுகும் இடத்தில் போட்டால் மல்லுக்கட்டும். சிலிகான் கிரீஸ் காய்ந்துபோனால் பழைய கட்டில் மாதிரி கீச்சுக் கீச்சென்னும். கோவை நண்பர் ஒருவர் போட்டிருக்கிறார். அவர் வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

தைவானின் ஹார்ட்ரேஸ் போன்ற சில தயாரிப்பாளர்கள் ஒரே கையை இரண்டு விதமாகத் தருகிறார்கள்: உருண்டை மூட்டோடு ஒன்று, கடினப்படுத்திய ரப்பரோடு ஒன்று. நான் தேடியது இரண்டாவது ரகம். கடின ரப்பர், எஃகு உடம்பு, நடுவில் இரண்டு பக்க மரை, ஊசித் துளை. சென்னை ஜி.பி. ரோட்டில் விசாரித்து, கடைசியில் ஒருவர் வரவழைத்துக் கொடுத்தார். முதல் ஜோடியைப் போல இரண்டேகால் மடங்கு விலை. அழகு? சுத்தமாக இல்லை. கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு.

அலுமினியமா எஃகா என்பதிலும் என் கட்சி எஃகுதான். அலுமினியத்தில் நல்ல கைகள் இல்லாமல் இல்லை. நல்ல கம்பெனிகள் வார்க்காமல் அடித்து உருவாக்குவார்கள், அது உறுதி. ஆனால் பள்ளத்தில் மோதினால் எஃகு பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விட்டுவிடும். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் பள்ளத்தின் ஆழம் நம் ஊரில் யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. ஸ்பிரிங்கும் ஷாக்கும் உட்காரும் கீழ்க்கையை நான் தொடவில்லை. அந்தக் கை பாரத்தைச் சுமக்கிறது. நடுவில் மரை வைத்த கை, இழுப்பதற்கும் தள்ளுவதற்கும்தான் ஏற்றது. அதை வளைக்கிற மாதிரிச் சுமை வந்தால் மரையின் அடியில்தான் முறியும். லேத்தில் கொடுத்துக் குழாயை வெட்டி, பற்றவைத்து, சொந்தமாகச் செய்துகொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. பாய் பட்டறைக்குப் பக்கத்திலேயே லேத் இருக்கிறது. அவரே வேண்டாம் என்றார். "கேட்டுக்கு வேணா வெல்டு வைக்கலாம் தம்பி."

சட்டமும் இதில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. நீளம் மாறும் கையைக் காட்டி யாரும் உங்களை மறிக்கப்போவதில்லை என்றாலும், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் காரின் அடியில்தான் டார்ச் அடிப்பார். நான் செய்ததை நீங்களும் செய்யுங்கள் என்று இங்கே எழுதவில்லை. உயரத்தையும் 35-லிருந்து 20-க்கு ஏற்றிவிட்டேன். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மாட்டிய அன்று ஒரு சங்கதி கற்றுக்கொண்டேன். ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டை முழுசாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் ரப்பர் அந்தத் தொங்கும் நிலையைத்தான் தன் இயல்பு என்று பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியதும் முறுகும், நாள் முழுக்க முறுகியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, காரைத் தரையில் இறக்கி, நாலு தரம் அமுக்கி, குழிக்குள் இறங்கிக் கீழிருந்து இறுக்க வேண்டும். பாய் பட்டறையில் குழி இருந்தது. குழி இல்லாத பட்டறைக்கு இந்த வேலைக்காக இனி நான் போவதில்லை.

அலைன்மென்ட் மேடைக்குத் திருச்சி போனோம். ஓட்டுபவரின் எடைக்குச் சீட்டில் மணல் மூட்டை வைப்பது பந்தயக்காரர்களின் வழக்கம். நானே டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அப்பா இறங்க மறுத்துவிட்டார்.

"நான் உக்காந்திருக்கிறப்பதான வண்டி ஓடப்போவுது? என் வெயிட்டோட பாரு."

அலைன்மென்ட் பையன் சிரித்தான். ஆனால் அவர் சொன்னது முழுக்கச் சரி. அப்பாவை வைத்தபடியே அளந்தோம். இடது 1.5, வலது 1.5. டோ, இரண்டு சக்கரமும் சேர்த்து உள்நோக்கி 2 மி.மீ. ஊசியை விட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் முட்டியது.

அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை. உள்ளே விடுவதற்கு முன் சோதனை செய்பவர், பாய் மாதிரியே சக்கரத்தைத் தலையும் அடியுமாகப் பிடித்து ஆட்டினார். என் நெஞ்சு டொக்கென்றது, சக்கரம் சொல்லவில்லை. நீலக் கையோடு ஓட்டியதைவிட இந்த முறை ஒரு சுற்றுக்கு 0.4 விநாடி அதிகம். வெயில், டயர் சூடு என்று காரணம் சொல்லிக்கொண்டேன். நீளமான வளைவில் பின்பக்கம் ஒரு கணம் தயங்கித்தான் பேச்சைக் கேட்டது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, ரஞ்சன்குடி கோட்டை இருட்டில் கடந்து, ஊருக்குள் திரும்பியபோது காருக்குள் ரேடியோ கேட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு.

பாய் இறுக்கி முடித்ததும் லாக் நட்டிலிருந்து குழாய்வரை மஞ்சள் பெயின்டால் ஒரு நேர்க்கோடு இழுத்திருந்தார். நட்டு அசைந்தால் கோடு உடைந்து தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாசலில் சாக்கை விரித்து, டார்ச்சோடு காருக்கடியில் போகிறேன். அப்பா திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்.

"கோடு நேரா இருக்கா?"

"இருக்குப்பா."

"இடது பக்கம்?"

"அதுவும் இருக்கு."

"சரி, வெளிய வா. டீ ஆறுது."